சாம்பல் மாமாவின் வெள்ளைச் சுவர்

மாமாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும். அம்மா எனக்குப் போட்ட ஒரே உத்தரவு அதுதான். "ஒத்தையா வந்து நின்னேன்னு வை, கதவைத் திறக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே என் பையை அடுக்கினாள். நடுவில் என் வெள்ளைச் சட்டை கையில் சிக்கியதும் எடுத்து வெளியே போட்டாள்.

"அந்த ஊருக்கு யாராவது வெள்ளை எடுத்துட்டுப் போவாங்களா? ஒரு நாள் தாங்காது."

அவள் அடுப்படிக்குப் போனதும் நான் அதை மறுபடி உள்ளே திணித்துவிட்டேன். புதுச் சட்டை, விட மனசு வரவில்லை.

அது அம்மா பிறந்த ஊர். ஒரு காலத்தில் நாட்டுக்கே இரும்பு உருக்கிக் கொடுத்த ஊர். நாலைந்து பெரிய புகைபோக்கிகள், அவற்றைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள், வீடுகளைச் சுற்றிக் கடைகள், அவ்வளவுதான். ஆலையை மூடியபோது பாதி ஊர் கிளம்பிப் போய்விட்டது. இப்போது அங்கே போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் ஊரில் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க என்ன இருக்கு?"

மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி, பெயிண்டர். போன வருடம் அத்தை இறந்ததிலிருந்து தனி ஆள், பிள்ளைகளும் இல்லை. துக்கத்துக்குப் போன அம்மா, ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் இரண்டு நாள் அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள். அழுகிற கண்ணுக்கு ஊரா தெரியும்? அவள் மனசுக்குள் இன்னும் பழைய புகைதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புகையில் தம்பி தனியாகக் கிடக்கிறானே என்ற கவலை அவளைத் தின்றது.

ஸ்டேஷனில் மாமா நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான ஆள், காது மடலில் ஒரு பொட்டு பெயிண்ட். என்னைக் கட்டிப் பிடித்துவிட்டு, அங்கிருந்த பெஞ்சைத் தோள்துண்டால் நன்றாகத் துடைத்து, "உக்காரு மாப்ள, வண்டியை எடுத்துட்டு வரேன்" என்றார். பெஞ்ச் பளிச்சென்றுதான் இருந்தது. வண்டி வந்ததும் அதன் சீட்டையும் ஒரு துடை துடைத்தார்.

"சுத்தமாத்தானே இருக்கு, எதுக்கு மாமா துடைக்கிறீங்க?"

"எதைத் துடைச்சேன்?" என்றார் மாமா. விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு.

வழியெல்லாம் நான் வாயைப் பிளந்துகொண்டு வந்தேன். செத்துப்போன ஊரைப் பார்க்கத் தயாராக வந்தவனுக்குக் காற்று இவ்வளவு லேசாக இருக்கும் என்று யார் சொன்னார்கள்? புகைபோக்கிகள் நிற்கின்றன, உச்சியில் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன. சரக்கு ரயில் ஓடிய தண்டவாளத்துக்கு நடுவே புல் முளைத்து, அதில் இரண்டு பெண்கள் தள்ளுவண்டியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். உருக்கு ஷெட்டில் பேருந்துக்கு சீட் தைக்கிறார்கள், தையல் மெஷின் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. லாரிகளை எடை போட்ட எடைமேடை அறையில் ஒரு ரொட்டிக் கடை. ஆற்றுப் பாலத்தில் நாலு பேர் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்ன என்று வண்டியை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தேன். மீன். "போன வருஷத்துலேர்ந்து வருது" என்றார் ஒருவர், ஏதோ புகார் சொல்கிற குரலில். "எதுக்கு வருதுன்னுதான் தெரியலை."

மாமா இருந்த தெருவில் எல்லா வீடும் ஒரே நிறம். வெள்ளை இல்லை, சாம்பலும் இல்லை, மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒன்று. அத்தனையும் மாமா அடித்தது. அதனால்தான் ஊரில் அவருக்கு 'சாம்பல்' என்று பெயர். அவர் எதிரிலேயே சாம்பல் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அந்த நிறத்துக்கு ஒரு கதை உண்டு. உலை எரிந்த காலத்தில் வெள்ளைச் சுவர் ஒரு வாரம்தான் வெள்ளையாக இருக்கும். கரித்தூள் படிந்து திட்டுத் திட்டாக ஆனதும் வீட்டுக்காரர் பெயிண்டரைத்தான் குறை சொல்வார். மாமா இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பெயிண்டில் நிறம் கலப்பதற்கென்று ஸ்டெய்னர் விற்பார்கள், சின்னக் குப்பியில். கருப்பு ஸ்டெய்னரை ஒவ்வொரு வாளிக்கும் ஒரு மூடி விட்டுவிடுவார். சுவர் கடைசியில் எந்த நிறத்துக்குப் போகப்போகிறதோ, அந்த நிறத்திலிருந்தே அதை ஆரம்பித்து வைப்பது. அப்புறம் எவ்வளவு கரி படிந்தாலும் யாருக்கும் தெரியாது. 'சாம்பல் அடிச்ச வீடு மாறவே மாறாது' என்று ஊரே மெச்சியது. புதிதாகவே தெரியாத ஒன்று எப்படிப் பழசாகும்?

மாமா மாடியில், கீழே கேண்டீனக்கா. ஆலை கேண்டீனில் சமையலுக்கு இருந்தவர். கேண்டீன் போனது, பேர் தங்கிவிட்டது. நான் குளித்துவிட்டு, பையில் கசங்கிப்போயிருந்த என் வெள்ளைச் சட்டையை அலசி மொட்டை மாடிக் கம்பியில் போட்டேன். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து அவர் கத்தினார்.

"ஏம்ப்பா, வெள்ளைத் துணியை வெளியிலயா காயப் போடறே? உங்கம்மா இந்த ஊர்க்காரிதானே, ஒண்ணும் சொல்லித் தரலையா?"

"வெயில் நல்லா இருக்குக்கா."

"வெயில் இருக்கும். சட்டை இருக்காது."

மதியம் மூன்று மணி இருக்கும். நான் மாமாவோடு பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று தெரு முழுக்கப் படபடவென்று ஜன்னல்கள் சாத்தும் சத்தம். மாமாவும் பேச்சை நிறுத்தாமலேயே எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்த நேரத்துக்குத்தான் உலையைத் திறப்பார்களாம், தெருவெல்லாம் தூளாகப் பறக்குமாம். உலை அணைந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நான் சிரிக்க வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. என் அம்மாவும் மூன்று மணிக்கு ஜன்னலைச் சாத்துவாள். நாற்காலியைத் துடைக்காமல் உட்காரமாட்டாள். இவ்வளவு நாளும் அது அவளுடைய கிறுக்கு என்றே நினைத்திருந்தேன். இங்கே ஒரு தெருவே என் அம்மாவாக இருந்தது. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு ஊர் மேல் ஆசை வந்தது என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் மாமா விஷயத்தைச் சொன்னார்.

"ஆலை வாசல்ல பழைய டைம் ஆபீஸ் இருக்கு பாரு, அதுல ஒரு பொண்ணு பல் ஆஸ்பத்திரி வைக்குது. வெளியூர்ப் பொண்ணு. மெஷின்ல பெயிண்ட் அடிக்கிற கம்பெனிக்காரனை வரச் சொல்லியிருந்தாங்க. நான் போய், ஒரு சுவரு மட்டும் குடுங்க டாக்டரம்மா, பிடிச்சா மீதி குடுங்கன்னு கேட்டேன். முன்பக்கச் சுவரைக் குடுத்திருக்காங்க. வெள்ளை வேணுமாம்."

"சூப்பர் மாமா."

"முழுசாக் கேளு. நம்ம தெருக்காரங்களும் இப்ப வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கணும்னு இருக்காங்க. அந்தச் சுவரைப் பார்த்துட்டுத்தான் எனக்கா கம்பெனிக்கான்னு முடிவு பண்ணுவாங்க. சுவரு நல்லா வந்துச்சுன்னா எனக்கு இங்க பொழப்பு இருக்கு. இல்லன்னா உன்கூட வண்டி ஏறிடறேன். அக்காகிட்டயும் சொல்லிட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"நல்லா அடிக்காதேன்னாங்க."

மறுநாளிலிருந்து வேலை. டைம் ஆபீஸ் என்பது ஆலை வாசலை ஒட்டிய நீளமான அறை. ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் அங்கேதான் நேர அட்டையைக் குத்திவிட்டு உள்ளே போவார்கள். வேலை முடிந்து போகும்போது வாட்ச்மேன் ஒவ்வொருவர் பாக்கெட்டையும் தடவிப் பார்த்து வெளியே விடுவார், போல்ட் நட்டு எதையாவது எடுத்துப் போகிறார்களா என்று. மாமாவுடைய அப்பா, அதாவது என் தாத்தாவும் அந்த வாசலில் கையைத் தூக்கி நின்றவர்தான். இப்போது அங்கே பல் பிடுங்கும் நாற்காலி உறையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா என்னைவிட நாலைந்து வயசுதான் பெரியவர், வேகமாகப் பேசுவார், மாமாவை "சார்" என்பார். மாமா ஒவ்வொரு தடவையும் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

சுரண்டினோம், விரிசலுக்குப் பட்டி வைத்தோம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். என் கை தோல் உரிந்தது. "போய் ஊரைச் சுத்திட்டு வா, உன் தேய்ப்பைச் சரி பண்ண எனக்கு ரெண்டு நாள் ஆகும் போல" என்று மாமா துரத்திவிட்டார். நான் சுற்றினேன். எங்கள் ஊரில் ஒரு கடையைப் பார்த்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்துப் போனால் வேறு கடை இருக்கும். கண்ணாடிக் கட்டடம், லிஃப்ட், பக்கத்து வீட்டுக்காரர் பேர்கூடத் தெரியாது. இங்கே ரொட்டிக் கடைக்காரர் என் மூக்கைப் பார்த்தே "நீ பெயிண்டரோட அக்கா மகன்தானே" என்றார். சீட் தைக்கிற ஷெட்டில் ஒரு அக்கா மெஷினை நிறுத்தி என் அம்மா பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை போட்டாள் என்பது வரைக்கும் சொன்னார். மாமாவைக் கூட்டிப் போகத்தான் வந்திருக்கிறேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

கடைசிப் பூச்சை மாமா சாயங்காலம் முடித்தார். வெளிச்சம் மங்கிய நேரத்தில் சுவர் வெள்ளையாகத்தான் தெரிந்தது. நான் கைதட்டினேன்.

மறுநாள் காலையில் டாக்டரம்மாவின் போர்டு வந்தது. பால் வெள்ளையில் பெரிய போர்டு. இரண்டு பேர் தூக்கிப் பிடித்துச் சுவரில் வைத்தார்கள். வைத்த மாத்திரத்தில் அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது. போர்டு வெள்ளை. சுவர் எங்கள் தெரு நிறம்.

வேடிக்கை பார்த்த கூட்டத்தில் ஒருவர், "சாம்பல் எங்க போனாலும் சாம்பல்தான்யா" என்றார். சிரிப்பு கிளம்பியது.

"டின்னு சரியில்லை" என்றார் மாமா. "கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிட்டான்."

டாக்டரம்மா போர்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா முகத்தைத் துடைக்கப் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை இழுத்தார். கூடவே ஒரு குப்பி விழுந்து உருண்டு டாக்டரம்மா செருப்பில் போய் முட்டி நின்றது. கருப்பு ஸ்டெய்னர். பாதி காலி.

மாமா அதைக் குனிந்து எடுத்தார். மூடியைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார். "நான் ஊத்தினேனா?" என்று என்னைக் கேட்டார். நான் எங்கே பார்த்தேன், ஊர் சுற்றப் போயிருந்தேனே. அவருக்கும் ஞாபகம் இல்லை. பெஞ்சைத் துடைத்தது எப்படித் தெரியவில்லையோ அப்படித்தான் இதுவும். வாளியைத் திறந்ததும் கை தானாகவே அதன் வேலையைச் செய்திருக்கிறது.

"மன்னிச்சுக்கோங்க டாக்டரம்மா. கம்பெனிக்காரனையே வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மாமா நடக்க ஆரம்பித்தார். டாக்டரம்மா "சார், சார்" என்று கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை இறக்கினார். "சாயங்கால வண்டிக்கே போயிடலாம் மாப்ள."

நான் எதற்காக வந்தேனோ அது நடந்துவிட்டது. ஆனால் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்ல மனசு வரவில்லை. கேண்டீனக்கா மேலே வந்து வாசற்படியில் நின்றார்.

"போறியா?"

"போறேன்."

"போ. அங்க போயி உங்கக்கா வீட்டு ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காரு. ஒரு சுவரு கோணிக்கிச்சுன்னு ஊரை விட்டுப் போறவனை இப்பத்தான் பாக்கறேன்."

"ஒரு சுவரா? என் கையே எனக்கு அடங்கலை கேண்டீன். வெள்ளை அடின்னா கருப்பைக் கலக்குது. இந்த ஊருக்கு இனிமே இந்தக் கை எதுக்கு?"

மாமாவை இப்படி நான் பார்த்ததில்லை. அங்கே நிற்க முடியாமல், என் துணியை எடுத்து வருகிறேன் என்று மொட்டை மாடிக்கு ஓடினேன்.

கம்பியில் என் வெள்ளைச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது. வந்த அன்றைக்குப் போட்டது, சுத்தமாக மறந்தே போயிருந்தேன். உருவிக்கொண்டு இறங்கினேன். பெட்டியில் வைக்க மடித்தபோது மாமா கண் அதன் மேல் விழுந்தது.

"இது எப்பத் துவைச்சது?"

"வந்த அன்னைக்கு மாமா. அன்னைலேர்ந்து அங்கேயேதான் கெடக்கு."

மாமா அதை என் கையிலிருந்து வாங்கினார். காலரைப் புரட்டிப் பார்த்தார். தோள்பட்டைத் தையலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார், விரலைப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். அக்கா பொறுக்காமல் பிடுங்கி, ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"ஒரு பொட்டு இல்லையே" என்றார் மெதுவாக.

ஆலை மூடியது இரண்டு பேருக்கும் தெரியாதா? உலை அணைந்தது, புகை நின்றது, ஆற்றில் மீன் வந்தது, எல்லாம் கண்ணால் பார்த்தவர்கள்தான். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தத் தெருவில் ஒருவர்கூட ஒரு வெள்ளைத் துணியை வெளியே போட்டுப் பார்க்கவில்லை. போடக்கூடாது என்று சொல்லியும் கேட்காத ஒரு வெளியூர்ப் பயல் வந்து மறதியில் விட்டுவைத்திருக்கிறான்.

"நான் இன்னும் துணியை அடுப்படியிலதான் காயப் போடறேன்" என்றார் அக்கா. யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

மாமா சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். டைம் ஆபீசில் டாக்டரம்மா படியில் உட்கார்ந்து யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார். மாமா சட்டையைச் சுவரில் விரித்துப் பிடித்தார்.

"இந்த வெள்ளைதானே வேணும்?"

டாக்டரம்மா போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஆமா சார். கம்பெனிக்காரங்க அடுத்த வாரம்தான் வர முடியும்ங்கிறாங்க."

"வர வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்கு மதியத்துக்குள்ள முடிச்சிடறேன்."

"ஸ்டெய்னர்?"

மாமா முகம் சிவந்தது. அதற்குள் கேண்டீனக்கா முன்னால் வந்துவிட்டார். "அதை நான் பாத்துக்கறேன்மா."

மறுநாள் காலையில் அந்த வாசலில் நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் அலுக்காது. மாமா புது டின்னோடு வந்தார். அக்கா வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "கையைத் தூக்கு" என்றார்.

"போ கேண்டீன்."

"தூக்குய்யா. வாட்ச்மேன் சொன்னா தூக்க மாட்டியா?"

மாமா கையைத் தூக்கினார். அவர் அப்பா நின்ற அதே வாசலில். அக்கா சட்டைப் பாக்கெட், கால்சட்டைப் பாக்கெட், தோள்துண்டின் மடிப்பு எல்லாவற்றையும் தடவினார். மடிப்பிலிருந்து ஒரு குப்பி வந்தது. கூட்டம் ஓ என்று கத்தியது.

"அது எப்படி அங்க வந்துச்சு?" என்றார் மாமா, நிஜமான ஆச்சரியத்தில்.

"உள்ள போறவங்களைச் சோதனை போடற மொத ஆபீஸ் இதான்யா" என்று யாரோ சொல்ல, மாமாவும் சிரித்துவிட்டார். அப்புறம் டின்னைத் திறந்தது அக்காதான். சாரத்தில் ஏறி மாமா அடித்துக்கொண்டே போக, அக்கா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியை மறக்காமல் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மதியம் வெயிலில் அந்தச் சுவரைப் பார்க்கக் கண் கூசியது. போர்டைத் தூக்கி வைத்தார்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று கலந்து, எழுத்து மட்டும் காற்றில் நின்றது. மூன்று மணிக்குத் தெருவில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. சாத்தியவர்களில் சிலர் மறுபடி திறந்து எட்டிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து மாமாவிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவருக்கு மஞ்சள் வேண்டுமாம். இன்னொருவர் இளம் பச்சை என்று சொல்ல வெட்கப்பட்டு, என் காதில் சொல்லி மாமாவிடம் சொல்லச் சொன்னார். டாக்டரம்மா கட்டடத்தின் மீதிச் சுவர்களையும் காட்டி, "எப்ப ஆரம்பிக்கிறீங்க சார்?" என்றார். மாமா இந்தத் தடவை பின்னால் பார்க்கவில்லை.

நான் தனியாக ரயில் ஏறினேன். மாமா சீட்டைத் துடைத்துக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊரில் இறங்கி வீட்டுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், படிக்கட்டை எட்டிப் பார்த்தாள்.

"எங்கடா அவன்?"

நான் பையைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். துவைத்து எத்தனை நாள் வெளியே கிடந்தது என்று சொன்னேன். மாமாவின் குப்பி கதையையும் சொன்னேன். அம்மா நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். காலரைப் புரட்டினாள், கட்டைவிரலால் தோள்பட்டைத் தையலைத் தேய்த்தாள், விரலைப் பார்த்தாள். தம்பி செய்தது அத்தனையும், அதே வரிசையில். அப்புறம் எழுந்து எங்கள் பால்கனிக்குப் போய்க் கம்பியில் ஒரு விரலை ஓட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். விரல் நுனி கருப்பு. கீழே ரோடு போடுகிறார்கள், எதிரே இன்னொரு கண்ணாடிக் கட்டடம் எழும்புகிறது.

"இதுக்காடா அவனை வரச் சொன்னேன்" என்றாள்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அவளுக்குத் தம்பி பக்கத்திலேயே வேண்டும், அது எனக்குத் தெரியும். கண் கலங்கியிருந்தது. பிறகு போனை எடுத்தாள். மாமா எடுத்ததும், "அக்கா, கோவமா?" என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லை. இனிமே சாரத்துல ஏறுறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பாரு" என்றாள் அம்மா. "உன் வீட்டுக்கு எப்ப அடிக்கப்போறே?"

"தெருவை முடிச்சிட்டுத்தான். என்ன கலர் சொல்லு."

"உனக்குப் பிடிச்சதை அடி. அங்க நான் தங்குற ரூமுக்கு மட்டும் நம்ம சாம்பல் கலரே இருக்கட்டும். அடுத்த மாசம் நான் வரும்போது வெள்ளையா இருந்தா எனக்குத் தூக்கம் வராது."